கத்திரி வெயிலில் தோலும் தலைமுடியும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

மே மாதம் பிற்பகல் மூன்று மணிக்குக் குழாயைத் திறந்தால் டீத்தூள் போட்டுவிடலாம் போலத் தண்ணீர் வரும் ஊர் எங்களுடையது, வேலூர். பத்து வருடமாக இந்த வெயிலில்தான் ஸ்கூட்டி ஓட்டி வேலைக்குப் போய் வருகிறேன். தொடக்கத்தில் ஒவ்வொரு கோடைக்கும் புதிதாக எதையாவது வாங்கிப் பூசுவேன். முல்தானி மட்டி, கற்றாழை ஜெல், குளுகுளு பவுடர், எல்லாம் ஆயிற்று. எந்தக் கோடையும் கழுத்தில் வேர்க்குரு, தலையில் பொடுகு இல்லாமல் முடிந்ததில்லை.

என் தொல்லைகளில் முக்கால்வாசி வெயிலால் வந்தவை அல்ல, காயாத வியர்வையால் வந்தவை என்று பிறகுதான் புரிந்தது. எதைப் பூசலாம் என்று தேடுவதை விட்டு, எதைக் காயவைக்க வேண்டும் என்று பார்க்கத் தொடங்கினேன். கீழே உள்ள படிகள் அப்படி வந்தவை.

வாங்க வேண்டியது அதிகமில்லை: ஒரு சன்ஸ்கிரீன், ஒரு கேலமைன் லோஷன், வாசனை குறைந்த ஒரு ஷாம்பு, இரண்டு மெல்லிய பருத்தித் துண்டு. மிச்சம் எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது.

படி 1: முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

சோப்பையும் ஷாம்புவையும் மாற்றுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். ஒரு பழைய பாட்டிலில் பாதிக்குக் குளிக்கும் தண்ணீரை ஊற்றி, குளியல் சோப்பைச் சீவி இரண்டு துணுக்கு போட்டு நன்றாகக் குலுக்குங்கள். நுரை பொங்கி, அடியில் தண்ணீர் ஓரளவு தெளிவாக நின்றால் நல்ல தண்ணீர். நுரையே வராமல் பால் மாதிரி கலங்கி, மேலே திரிதிரியாக மிதந்தால் உப்புத் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகிவிடுகின்றன. பக்கெட்டின் உள்பக்கம் படியும் அதே வெள்ளைப் பிசுக்குதான் உங்கள் தோலிலும் படிகிறது. குளித்துவிட்டு வந்தும் முதுகு இழுத்துப் பிடித்தமாதிரி இருப்பதற்கும் அரிப்பதற்கும் இது ஒரு காரணம்.

கோடையில் நிலத்தடி நீர் இறங்க இறங்க போர் தண்ணீரின் உப்பு கூடும் ஊர்கள் நிறைய. ஜனவரியில் ஒத்துக்கொண்ட சோப்பு மே மாதத்தில் படுத்தினால் சோப்பை மட்டும் குறை சொல்லாதீர்கள். தண்ணீரை மாற்ற முடியாதவர்கள் கடைசி இரண்டு சொம்பை மட்டும் குடிதண்ணீரில் ஊற்றிக்கொண்டால் போதும். தலைக்குக் குளிக்கும் நாளில் இது இன்னும் முக்கியம்.

படி 2: குளியல்

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மாலைக் குளியலுக்கான தண்ணீரைக் காலையிலேயே வாளியில் பிடித்து நிழலில் வைத்துவிடுங்கள். மாடித் தொட்டியிலிருந்து நேராக வரும் சுடுதண்ணீர், தோலில் இருக்கிற கொஞ்சநஞ்ச எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும்.

இரண்டு முறையும் உடம்பு முழுக்கச் சோப்பு வேண்டாம். அக்குள், தொடையிடுக்கு, பாதம், இந்த மூன்றுக்கும் இரண்டு வேளையும் போடுங்கள். மற்ற இடங்களுக்கு ஒரு வேளை போதும். பீர்க்கங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்ப்பதைக் கோடை முடியும்வரை நிறுத்திவையுங்கள். வேர்க்குரு இருக்கும் முதுகுக்கு அது கூடவே கூடாது.

குளித்ததும் என்ன செய்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம். துண்டால் ஒற்றி எடுங்கள். மார்புக்கு அடியில், தொடையிடுக்கில், கால்விரல் சந்தில் ஈரம் நிற்கக் கூடாது. இரண்டு நிமிடம் மின்விசிறிக்கு அடியில் நின்றுவிட்டு உடுத்துங்கள். உள்ளாடை பருத்தியில், கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும்.

பவுடர்? வேர்த்த உடம்பில் கொட்டினால் அது மாவாகக் குழைந்து மடிப்பில் அடைந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் அம்மா இதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. "சின்ன வயசுல உனக்கு டப்பா டப்பாவா போட்டுதான் வளத்தேன்" என்பார். அதனால்தான் டப்பா டப்பாவாக வேர்க்குருவும் வந்தது என்று நான் சொல்வதில்லை.

படி 3: சன்ஸ்கிரீன்

சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. அனல் கத்திரியில்தான் உச்சத்துக்குப் போகும். ஆனால் சென்னை, வேலூர் பக்கம் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் 24 வாக்கில். அன்றைக்கு நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. கன்னியாகுமரிப் பக்கம் அது சுமார் இரண்டு வாரம் முன்னதாகவே நடந்துவிடும். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கும்போது புற ஊதாக் கதிர் ஏற்கெனவே உச்சத்தில்தான் இருக்கிறது. ஆகவே பங்குனியிலேயே தொடங்கிவிடுங்கள். மேகம் போட்டிருக்கிறது, காற்று ஜில்லென்று இருக்கிறது என்று விட்டுவிடவும் முடியாது. எளிய அளவுகோல் ஒன்று உண்டு: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது.

கடையில் எஸ்.பி.எஃப். 30 அல்லது 50 என்று பார்த்து வாங்குங்கள். 30 என்பது, தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98 சதவீதத்தை. இந்த ஒரு சதவீதத்துக்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. அதைவிட, கூடவே பி.ஏ. என்று போட்டு மூன்று நான்கு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வந்து, மங்கு எனப்படும் கன்னத்துத் திட்டுகளைக் கருமையாக்கும் இன்னொரு வகைக் கதிருக்கான குறி அது. காரில் அல்லது பேருந்தில் ஜன்னலோரம் உட்காருபவர்களுக்கும் இது தேவை.

பூசும் முறை:

ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டின் நீளத்துக்கும் கோடு போட்டமாதிரி பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து அவ்வளவு வேண்டும். முதல் தடவை "இவ்வளவா?" என்று தோன்றும். பட்டாணி அளவு எடுத்துத் தடவினால், டப்பாவில் போட்டிருக்கும் எண் உங்களுக்குக் கிடைக்காது. 50 கிராம் ட்யூப், தினம் ஒரு வேளை முகத்துக்கும் கழுத்துக்கும் ஒழுங்காகப் பூசினால் ஒன்றரை மாதத்துக்குள் தீரும். நாலு மாதம் வருகிறதென்றால் நீங்கள் போடுவது போதவில்லை.

காது மடல், பின்கழுத்து, புறங்கை, செருப்பு மறைக்காத பாதம் எல்லாவற்றுக்கும் பூசுங்கள். கிளம்புவதற்குக் கால்மணி நேரம் முன்னால் போட்டு உலர விடுங்கள். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வியர்வையை ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். நாள் முழுக்க வீட்டுக்குள், ஜன்னலை விட்டுத் தள்ளி இருக்கிறவர்கள் இதைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம்.

"போட்டால் முகம் வழிகிறது" என்பவர்கள் ஜெல் வகையை வாங்கி, அதற்கு அடியில் போடும் மாய்ஸ்சரைசரை விட்டுவிடுங்கள். "சுண்ணாம்பு அடித்தமாதிரி இருக்கிறது" என்றால் அது அநேகமாக துத்தநாக ஆக்ஸைடு. நம் நிறத்துக்கு லேசாகச் சாயம் கலந்தது கிடைக்கும், அது வெளுப்பாகத் தெரியாது. கன்னத்தில் மங்கு உள்ளவர்களுக்கு அந்தச் சாயத்திலுள்ள இரும்பு ஆக்ஸைடும் உதவும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழல்தான். பருவுக்காக டாக்ஸிசைக்ளின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தோல் சீக்கிரம் வெந்துவிடும், அவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இதெல்லாம் வெள்ளையாவதற்கு அல்ல. கறுப்பு ஒரு நோய் இல்லை. நான் போடுவது மங்குக்காகவும், பின்கழுத்து எரியாமல் இரவில் தூங்குவதற்காகவும்தான்.

படி 4: வெளியே போகும்போது

பத்து மணிக்கு முன்னால் அல்லது நான்கு மணிக்குப் பின்னால் முடிகிற வேலையை அப்போதே முடியுங்கள். குடை பிடிக்கக் கூச்சம் வேண்டாம். ஹெல்மெட்டுக்கு உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டி, அந்தத் துணியைத் தினமும் துவையுங்கள். ஈரத் தலையோடு மட்டும் ஹெல்மெட் மாட்டாதீர்கள்.

படி 5: வீடு திரும்பியதும்

வெறும் தண்ணீரில் முகம் கழுவுங்கள், போதும். எரிச்சல் இருந்தால் ஈரத் துணியைப் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். ஐஸ் கட்டியை நேராகத் தேய்க்க வேண்டாம்.

எலுமிச்சம்பழத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கருமை போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதி மூடியைத் தேனில் தோய்த்துக் கன்னத்திலும் கையிலும் தேய்த்தேன். சரியாகக் கழுவாமல் மாடியில் வடகம் காயப் போடப் போய்விட்டேன். மறுநாள் புறங்கை சிவந்து, அதற்கடுத்த நாள் கொப்புளம், பிறகு சாறு வழிந்த கோட்டிலேயே கருப்புத் தழும்பு. அது மறைய மூன்று மாதம் ஆயிற்று. எலுமிச்சை வகைப் பழங்களில் உள்ள சில பொருட்கள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் இப்படி வேகும். வெயில் படாவிட்டாலும் அந்தப் புளிப்பு முகத்துக்கு ஆகாது. எலுமிச்சையைப் பிழிய வேண்டிய இடம் சர்பத் டம்ளர்.

படி 6: தலைக்குக் குளித்தல்

கோடையில் வாரம் இரண்டு மூன்று தடவை தலைக்குக் குளிக்கலாம். நிறைய வேர்க்கிறவர்கள் நடுவில் வெறும் தண்ணீரிலும் அலசலாம். அடிக்கடி குளித்தால் முடி கொட்டும் என்ற பயம் வேண்டாம். வேரிலிருந்து ஏற்கெனவே கழன்ற முடிதான் அன்று கையோடு வருகிறது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பு.

எண்ணெய்க் குளியல் செய்கிறவர்கள், இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கித் தேய்த்து அரை மணி நேரத்தில் குளித்துவிடுங்கள். இரவு முழுக்க ஊறவைத்தால் தலையணை உறை வழியாக எண்ணெய் நெற்றிக்கு வந்து பருவாகும். பொடுகு இருந்தால் அது அடங்கும்வரை எண்ணெயே வேண்டாம். பொடுகுக்குக் காரணமான மலாசீஸியா என்ற பூஞ்சை, தலையில் ஊறும் எண்ணெய்ப் பசையைத் தின்றுதான் வளர்கிறது. நாம் மேலும் ஊற்றுவது அதற்குப் பந்தி போடுவதுமாதிரி.

சீயக்காய் பிடிக்குமென்றால் வடித்த கஞ்சியில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டித் தேயுங்கள். வடிகட்டாவிட்டால் பொடி தலையில் தங்கி அரிக்கும். அரப்பும் அப்படியே. செம்பருத்தி இலை பத்தை அரைத்தால் வழவழவென்று வரும். அது முடியைச் சிக்கில்லாமல் வைக்கும். முடியை வளர்க்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஷாம்பு என்றால் தலைத்தோலில் மட்டும், கண்டிஷனர் என்றால் நுனிமுடியில் மட்டும். மாற்றிப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

முடி முழுக்கக் காய்ந்த பிறகே பின்னுங்கள். ஈரத்தோடு கொண்டை போட்டு, அதில் பூவும் வைத்தால் சாயங்காலம் அடிக்கும் நாற்றம் உங்களுக்கே தெரியும்.

பொடுகு விடவில்லையென்றால் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு வாரம் இரண்டு முறை, இரண்டு முதல் நான்கு வாரம். தேய்த்ததும் அலசாமல் ஐந்து நிமிடம் விட வேண்டும். அதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள்.

படி 7: வந்திருப்பது எது என்று கண்டுபிடியுங்கள்

எல்லா அரிப்புக்கும் "உடம்பு சூடு" என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறோம். கீழே உள்ள நான்கையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம்.

வேர்க்குரு: ஊசிமுனை அளவில் பொரிப் பொரியாக, துணி அழுத்தும் இடங்களில் வரும், சுள்சுள்ளென்று குத்தும். வியர்வை வெளியேறும் வழி அடைபட்டதால் வருவது. குளிர்ந்த தண்ணீரில் குளித்து, காற்றாட இருந்து, கேலமைன் தடவினால் சில நாளில் அடங்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அடைப்பு கூடும். நுங்குத் தண்ணீர் தடவுவது? இதமாக இருக்கும். காய்ந்ததும் கழுவிவிடுங்கள்.

தேமல்: மார்பு, முதுகு, தோளில் வெளிறிய திட்டு, சுரண்டினால் மெல்லிய செதில். பொடுகில் பார்த்த அதே பூஞ்சை வகைதான். மருந்தில் பூஞ்சை செத்த பிறகும் நிறம் திரும்பச் சில மாதம் ஆகும். மருந்து வேலை செய்யவில்லை என்று பயந்து மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

படர்தாமரை: வட்டமாக, ஓரம் தடித்து, அரிப்பு தாங்காமல் பரவும். இதற்கு மருந்துக்கடையில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கிவிடாதீர்கள். க்ளோபெட்டசால், பெக்லோமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், உள்ளே படர்ந்துகொண்டே போகும், விட்டதும் இரண்டு மடங்காகத் திரும்பும். தோல் மருத்துவரிடம் போங்கள். மறைந்த பிறகும் அவர் சொன்ன நாள்வரை பூசுங்கள். வீட்டில் எல்லோருடைய துண்டும் தனித்தனியாக இருக்கட்டும். துவைத்ததை வெயிலில் உள்பக்கம் திருப்பிக் காயப் போடுங்கள். கத்திரியால் நமக்கு ஒரு உபகாரம் உண்டென்றால் இதுதான்.

இதற்கிடையே ஒன்று. வெயிலில் இருந்த ஒருவர் உடம்பு கொதிக்க, பேச்சுக் குழறி மயங்கினால் அது தோல் சமாசாரம் இல்லை. 108-ஐ அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயக்கத்தில் வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம்.

கடைசியாகச் சூட்டுக்கட்டி. மாம்பழம் தின்றதால் வந்தது என்று அடித்துச் சொல்வார்கள். உண்மையில் இது தோலிலேயே இருக்கும் ஒரு பாக்டீரியா, வியர்த்து உரசிய மயிர்க்காலில் நுழைந்து வைக்கும் சீழ். பிதுக்காமல், நாளைக்கு மூன்று நான்கு தடவை வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். காய்ச்சல் வந்தாலோ, முகத்தில் மூக்கருகே வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை சோதித்துவிடுங்கள். எங்கள் பெரியப்பாவுக்கு ஒரே கோடையில் நாலு கட்டி. பெரியம்மா பங்கனப்பள்ளியைத் திட்டிக்கொண்டே இருந்தார். சோதித்துப் பார்த்தால் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. மாம்பழத்தின் மேலிருந்த பழி அன்றோடு போயிற்று. பெரியப்பா தட்டிலிருந்து மாம்பழமும் போயிற்று.