மனநல விடுதிக்கு மாற நினைக்கும் மட்டக்களப்பு, அம்பாறைத் தாதியருக்கு

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வேலை செய்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்த தாதிமார் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, மனநலப் பக்கம் போகலாமா?" போகலாம். முதலில் உங்கள் பதிவைப் பாருங்கள்.

இங்கே தாதியர், மருத்துவிச்சியர் சபையான என்.எம்.சி. தாதியரை நான்கு பிரிவாகப் பதிகிறது: பெரியவர், சிறுவர், கற்றல் குறைபாடு, மனநலம். ஊரில் பொதுத் தாதியாகப் படித்தவர்களுக்குக் கணினித் தேர்வும் 10 நிலையங்களில் செய்து காட்டும் ஒஸ்கி (OSCE) தேர்வும் முடிந்ததும் கிடைப்பது பெரும்பாலும் 'பெரியவர்' பதிவு. அங்கே மனநல விடுதியில் பல வருடம் நின்றிருந்தாலும் அது தானாக மாறாது. இந்தப் பதிவோடும் சில மனநல விடுதிகளில் எடுப்பார்கள். விளம்பரத்தில் ஆர்.எம்.என். (மனநலப் பதிவுள்ள தாதி) மட்டும் என்றிருந்தால் விட்டுவிடுங்கள்.

வித்தியாசம் எங்கே தெரியும்? விரும்பி வந்து சேர்ந்த நோயாளி திடீரென்று வெளிக்கிடுகிறார், மருத்துவர் பக்கத்தில் இல்லை. 1983 மனநலச் சட்டத்தின் 5(4) பிரிவில் அவரை 6 மணி நேரம் வரை மறித்து வைக்கும் அதிகாரம் மனநல, கற்றல் குறைபாட்டுப் பதிவுள்ள தாதிக்குத்தான். அந்தப் பதிவு வேண்டுமென்றால் மறுபடி பல்கலைக்கழகம்; ஏற்கெனவே பதிந்தவர்களுக்குச் சுருக்கிய படிப்பு உண்டு. ஒரு வருடம் விடுதியில் நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பேன்.

மறுகா, வேலை. ஊரில் துணைக்கு அம்மாவோ அக்காவோ கட்டிலடியில் இருப்பார். இங்கே அந்த இடத்தில் நீங்கள். தனிக் கண்காணிப்பு என்றால் சில வேளை கைக்கெட்டும் தூரத்தில் கதிரை போட்டு இருக்க வேண்டும், கைப்பேசியும் இல்லாமல். நான் முதல் தடவை அப்படி இருந்தபோது அந்தப் பெண் இரண்டு மணி நேரம் சுவரையே பார்த்தாள். படித்த கேள்வியெல்லாம் தீர்ந்துபோக, நம் ஊர்ப் பழக்கத்தில் "சாப்பிட்டீங்களா?" என்றேன். "டோஸ்ட் ஆறிப்போச்சு" என்றாள். பேச்சு அங்கேதான் தொடங்கியது.

தமிழ் நோயாளி வந்தால் உங்களை மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள். தண்ணீர், சாப்பாடு என்றால் சரி. மருந்தும் சட்டமும் என்றால் உரிய மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

நான் மாட்டியது எழுத்தில். ஒரு நாள் இரவுக் குறிப்பில் "நன்றாகத் தூங்கினார்" என்று எழுதிவிட்டேன். காலையில் பொறுப்புத் தாதி, "தூங்கியது உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அன்றிலிருந்து இப்படித்தான் எழுதுகிறேன்: "2.15, கண் மூடிப் படுத்திருந்தார், போர்வை ஏறி இறங்கியது, மூச்சு சீர்."