வலை ஆடினால் மட்டும் கோல் ஆகாது

கால்பந்து பார்க்கும்போது வலை ஆடியதும் எழுந்து குதித்துவிட்டு, நடுவர் கோல் இல்லை என்றதும் அசடு வழிய உட்கார்ந்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு. இப்போதெல்லாம் முதலில் கோட்டைப் பார்ப்பேன், அப்புறம் ஆட்டத்தை மனசுக்குள் பின்னோக்கி ஓட்டுவேன். நீங்களும் அந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் கோடு. இரண்டு கம்பங்களுக்கு நடுவே, மேல்கம்பத்துக்குக் கீழே, பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். முக்கால்வாசி தாண்டினால் கோல் இல்லை, ஒரு நூல் அளவு கோட்டின் மேல் நின்றாலும் இல்லை. கண் ஏமாறுவது இங்கேதான். பந்தின் குறுக்களவு சுமார் 22 செ.மீ., ஆனால் தரையைத் தொடுவதோ அடியில் இருக்கும் சின்ன இடம் மட்டும். அந்த இடம் கோட்டுக்கு அந்தப் பக்கம் 10 செ.மீ. தள்ளிக் கிடந்தாலும் பந்தின் வயிறு கோட்டுக்கு மேலே தொங்கிக்கொண்டுதான் இருக்கும். அதனால் பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே புல் தெரிகிறதே என்று சண்டைக்குப் போகாதீர்கள், நேர் மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். 2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிரான ஜப்பானின் இரண்டாவது கோல் நினைவிருக்கிறதா? கம்பங்களுக்கு வெளியே அதே கோட்டின் ஓரத்திலிருந்து மிட்டோமா இழுத்துக் கொடுத்த பந்து, அதற்கு முன்பே மைதானத்தைவிட்டு வெளியே போய்விட்டது என்றே பக்கவாட்டுப் படங்கள் காட்டின. மேலிருந்து பார்த்தால் ஓரம் கோட்டின் மேல், கோல் நின்றது.

2010 உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் லாம்பார்டுக்கு இதற்கு நேர்மாறாக நடந்தது. ஜெர்மனிக்கு எதிராக அவர் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டு நன்றாக உள்ளேயே விழுந்தும் கோல் தரவில்லை. அடுத்த உலகக் கோப்பையிலேயே கோல்லைன் டெக்னாலஜி வந்துவிட்டது, பந்து தாண்டினால் நடுவரின் வாட்ச் ஒரு நொடிக்குள் சொல்லிவிடும்.

சரி, பந்து தாண்டிவிட்டது. இனி பின்னோக்கிப் போங்கள். பாஸ் கொடுத்தவர் பந்தைத் தொட்ட அந்த நொடியில் ஆஃப்சைடு இருந்ததா, அதாவது பந்தை வாங்குபவர் எதிரணியின் பாதியில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டிக் கோலுக்குப் பக்கத்தில் நின்றாரா? கோல் அடித்த நொடியைப் பார்த்து முடிவு கட்டுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. த்ரோ-இன் (பக்கக் கோட்டிலிருந்து கையால் எறிவது), கார்னர் (மைதானத்தின் மூலையிலிருந்து அடிப்பது), கோல் கிக் (தன் கோலுக்கு முன்னாலிருந்து தற்காக்கும் அணி அடிப்பது) ஆகியவற்றிலிருந்து நேராகப் பந்து வந்தால் ஆஃப்சைடே கிடையாது. யாரையாவது தள்ளிவிட்டார்களா என்று பாருங்கள். கோல் அடித்தவரின் கையில் பந்து பட்டதா என்றும் பாருங்கள், அவர் கையில் தெரியாமல் பட்டு நேராக உள்ளே போனாலும் கோல் செல்லாது. கூட ஆடுபவரின் கையில் தற்செயலாகப் பட்டு, பிறகு இவர் அடித்தால்? 2021-க்குப் பிறகு அது செல்லும்.

பந்து எங்கிருந்து கிளம்பியது என்பதும் முக்கியம். த்ரோ-இன் நேராக எதிரணி வலைக்குள் போனால் கோல் கிக்தான். எதிரணியின் தப்புக்காகக் கிடைக்கும் ஃப்ரீ கிக்கில் இன்டைரக்ட் வகையும் அப்படியே, நடுவில் இன்னொருவர் மேல் பட்டாக வேண்டும். கார்னரிலிருந்து நேராக அடிக்கலாம், ஆட்டத்தைத் தொடங்கும் கிக்-ஆஃபிலிருந்துகூட அடிக்கலாம். வேடிக்கை என்னவென்றால், உங்கள் ஃப்ரீ கிக்கை யார் மேலும் படாமல் உங்கள் வலைக்குள்ளேயே அடித்துவிட்டால் அது ஓன் கோல் இல்லை, எதிரணிக்குக் கார்னர்.

கடைசியாக விசில். பந்து கோட்டைத் தாண்டுவதற்கு முன் விசில் ஊதிவிட்டால் ஆட்டம் அங்கேயே நின்றுவிட்டது என்று அர்த்தம். நேரம் முடிந்தாலும் பெனால்டியை மட்டும் அடித்து முடிக்க விடுவார்கள், கார்னருக்கு அந்தச் சலுகை கிடையாது. 1978 உலகக் கோப்பையில் ஸ்வீடனுக்கு எதிராகக் கார்னர் பந்தை பிரேசிலின் ஜிக்கோ தலையால் முட்டி உள்ளே தள்ளினார். பந்து காற்றில் வரும்போதே நடுவர் ஆட்டத்தை முடித்துவிட்டார், ஸ்கோர் 1-1 என்றே நின்றுபோனது.