மொசைக் போட்டால் முடிந்துவிடாது

பெண்கள், குழந்தைகள் மீதான வன்கொடுமை பற்றி ஆவணப்படம் எடுக்கும் இளைஞர்கள் ரஃப் கட் (முதல் எடிட் வடிவம்) பார்க்கக் கூப்பிடுகிறார்கள். போனால், ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே தவறுகள். ஒலி, வெளிச்சம் எல்லாம் போகப்போக கைவந்துவிடும். அவற்றை விடுகிறேன். விட முடியாத தவறுகள் இவை.

"முகத்தை மறைச்சாச்சே!"

அவர்கள் இப்படிச் சொல்வதைக் கேட்டால் இன்றும் கோபம் வருகிறது. அண்மையில் பார்த்த ஒன்றில் சிறுமியின் முகத்துக்கு மொசைக் போட்டு, கட்டம் கட்டமாக மங்கலாக்கியிருந்தார்கள். அடுத்த ஷாட்டிலேயே அவள் அம்மா முகம் தெரியப் பேசுகிறார். கொடியில் பள்ளிச் சீருடை காய்கிறது. பின்னால் தண்ணீர்த் தொட்டி, அதில் ஊராட்சியின் பெயர் கொட்டை எழுத்தில்! இனி மறைக்க என்ன இருக்கிறது?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பெயரையும் படத்தையும் மட்டும் தடுக்கவில்லை. குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என எதை வைத்தும் குழந்தை யாரென்று தெரியக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் செல்லாது. சிறப்பு நீதிமன்றம்தான் எழுத்தில் அனுமதி தர வேண்டும். குழந்தை இறந்துவிட்டாலும் விலக்கு இல்லை. ஜம்முவின் கத்துவாவில் வல்லுறவுக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட சிறுமியின் அடையாளத்தை வெளியிட்ட ஊடக நிறுவனங்களைத் தலா 10 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம், 2018இல்.

ஊர்க்காரர்கள் அடையாளம் கண்டுகொள்ள முகமே வேண்டாம், குரல் போதும். பிட்ச் (சுருதி) மாற்றிய குரலைப் பழையபடி திருப்பிவிடலாம். அதனால் வேறொருவரை டப்பிங் பேசவையுங்கள். முகத்தை முதலிலேயே எடுக்காதீர்கள். எடிட்டில் மறைத்துக்கொள்ளலாம் என்று எடுத்தால், மறைக்காத முகம் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும். அது யார் கைக்குப் போகும் என்று உங்களால் சொல்ல முடியுமா?

நடந்ததைத் திரும்பச் சொல்லவைப்பது

போலீஸ், டாக்டர், மாஜிஸ்திரேட் என்று ஏற்கெனவே எத்தனையோ பேரிடம் அந்தச் சிறுமி சொல்லியிருப்பாள். கேமராவுக்காக இன்னொரு முறை வேண்டாம்.

படம் வரட்டும், அப்புறம் புகார்

குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரிந்தும் போலீசில் சொல்லாமலிருப்பது குற்றம். ஊடகத்துக்கும் அந்தக் கடமை உண்டு. அவசரமென்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

பேட்டிக்குப் பணம்

கூடாது. குறுக்கு விசாரணையில் அதைச் சொல்லியே அவள் சாட்சியத்தை உடைப்பார்கள்.

சோக இசை

வேண்டாம்.

ஒருமுறை வாங்கிய சம்மதம்

வயதுவந்த பெண் எழுதிக் கொடுத்தால் முகம் காட்டச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் படப்பிடிப்பு நாளில் இருந்த துணிச்சல் வெளியீட்டு நாளில் இல்லாமல் போகலாம். எடிட் முடிந்ததும் முதலில் அவருக்குப் போட்டுக்காட்டுங்கள். வேண்டாமென்று சொன்னால், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள்.