வளைந்த விளிம்பில் மர பீடிங் ஒட்டும் முறை

மூலை அலமாரியின் வளைந்த பிளைவுட் தட்டுக்குத் தேக்கு பீடிங் (விளிம்பை மறைக்க ஒட்டும் நீண்ட மரப் பட்டை) ஒட்டும்போது, வளைவு மிதமாகவும் பட்டை 2 அல்லது 3 மில்லிமீட்டர் கனமாகவும் இருந்தால், அது பெரும்பாலும் எளிதாகவே வளைந்து கொடுக்கும். அதைவிடக் கனமான பட்டையாயின், அதன் பின்புறத்தில் குறுக்காக மெல்லிய ரம்ப வெட்டுகளைச் சீரான இடைவெளியில் இட்டு, முகப்பில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் மரம் அறுபடாமல் விட வேண்டும். வளைவு இறுக்கமாக இருக்குமளவுக்கு வெட்டுகளும் நெருங்கி அமைய வேண்டும். மேலிருந்து பார்த்தால் தெரியும் வெட்டுவாய்களை, மரத்தூள் குழைத்த பெவிகாலால் பிறகு அடைத்துவிடலாம்.

பசை தடவியபின் நடுவிலிருந்து முனைகளை நோக்கி அழுத்திச் சென்று, மாஸ்கிங் டேப்பை நெருக்கமாக இழுத்து ஒட்டி, ஒரு நாள் காயவிடவும். ஆணி அடித்தால் மெல்லிய பட்டை பிளந்துவிடக்கூடும் என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது. முனைகளைச் சற்று நீளமாகவே விட்டு, காய்ந்த பிறகு அறுக்கவும்.