குட்டிப் பூனை வாசல் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி

இரண்டு மாதக் குட்டி வாசல் பக்கமே போகாது. புது வீட்டுக்கு வந்த பயத்தில் கட்டிலுக்கு அடியில் கிடக்கும், தட்டில் தீனி விழும் சத்தம் கேட்டால் மட்டும் தலையை நீட்டும். அதைப் பார்த்துவிட்டு நம்முடையது சாது, எங்கேயும் போகாது என்று நம்பிவிடுகிறோம். நாலாவது மாதம் தாண்டியதும் கால் நீண்டு, ஜன்னல் திண்டுக்கு ஒரே தாவலில் ஏற ஆரம்பிக்கும். வெளியே ஒரு உலகம் இருப்பதே அப்போதுதான் அதற்குத் தெரியவரும். நான் பார்த்தவரையில் அங்கிருந்து ஒரு வயது வரைக்குமான காலம்தான் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டியது. ஓடத் தெரியும், ஏறத் தெரியும், ஆனால் வண்டி எவ்வளவு வேகத்தில் வரும் என்பது தெரியாது, தெருநாயைக் கண்டால் எந்தப் பக்கம் ஓடுவது என்பது தெரியாது. ஏறின மரத்திலிருந்து இறங்கக்கூடத் தெரியாது. பூனையின் நகம் உள்பக்கமாக வளைந்திருப்பதால் ஏறுவது சுலபம். இறங்கும்போது உடம்பைத் திருப்பிப் பின்பக்கமாக வர வேண்டும், அது குட்டிக்குப் பழக நாளாகும்.

என்னுடைய குட்டி ஐந்து மாதத்தில் ஒருமுறை காணாமல் போய் இரண்டு இரவு வெளியே இருந்தது. அதில் நான் செய்த தப்பையும் கற்றுக்கொண்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கருத்தடை அறுவை. கதவு, வலை எல்லாம் அதற்கு அப்புறம். பெட்டைக் குட்டி நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடலாம். பார்த்தால் இன்னும் பொம்மை மாதிரிதான் இருக்கும், ஆனால் ராத்திரி முழுக்க அடிவயிற்றிலிருந்து கத்தும், தரையில் புரளும், பின்பக்கத்தைத் தூக்கி வாலை ஒதுக்கும். அந்த நாட்களில் அதற்கு வெளியே போவது ஒன்றுதான் குறி; நேற்று வரை கண்ணில் படாத சின்ன இடுக்கைக்கூடத் தேடிக் கண்டுபிடித்துவிடும். போய்த் திரும்பி வந்தால் சுமார் 63 முதல் 65 நாளில் குட்டி போடும், அதுவே இன்னும் வளர்ந்து முடியாத குட்டியாக இருக்கும்போது. கடுவனுக்கு வேறு கதை. எங்கேயோ இருக்கும் பெட்டையின் வாடையைப் பிடித்துக்கொண்டு கிளம்பும், வழியில் பெரிய கடுவன்களோடு சண்டை போடும், அந்தக் கடியில்தான் பூனைகளுக்கு வரும் எஃப்ஐவி (நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்) மாதிரியான நோய்கள் பரவுகின்றன. ஆறு மாதம் ஆகட்டும் என்று காத்திருந்து, அதற்குள் சினையாகிவிட்ட குட்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன். நாலாவது மாதம் முடியும்போதே மருத்துவரிடம் காட்டித் தேதி வாங்கிவிடுங்கள், ஐந்து மாதத்துக்குள் செய்துவிடலாம் என்றுதான் இப்போது பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒன்று மட்டும் கவனம்: அறுவை முடிந்த கடுவனுக்கு இன்னும் சில வாரம் சினைப்படுத்தும் சக்தி இருக்கும், அதனால் அறுவை செய்யாத பெட்டையோடு உடனே ஒன்றாக விடாதீர்கள். பெட்டைக்குத் தையல் ஆறும் வரை, பத்துப் பதினான்கு நாள், தாவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, வீட்டுக்கு வருவோம். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நின்றுகொண்டு பார்த்தால் பாதி ஓட்டை தெரியாது. கதவுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி, கழிவுநீர்க் குழாய் போகும் இடத்தில் சுவர் உடைந்திருக்கிறதா, குளியலறை வென்டிலேட்டரில் கண்ணாடிப் பட்டை ஏதாவது கழன்றிருக்கிறதா, எக்ஸாஸ்ட் ஃபேன் துளை, ஏசி குழாய்க்காகப் போட்டுப் பாதி அடைத்த துளை, பால்கனிக் கம்பிக்கும் தரைக்கும் நடுவில் உள்ள சந்து. பூனையின் காறை எலும்பு மற்ற எலும்போடு ஒட்டாமல் தசைக்குள் மிதந்துகொண்டிருக்கும், அதனால் தலை நுழைந்துவிட்டால் தோளைச் சுருக்கி உடம்பையும் இழுத்துக்கொள்ளும். மூன்று மாதக் குட்டியின் தலை எவ்வளவு சின்னது என்று உங்களுக்கே தெரியும். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும் எந்தச் சந்தையும் நான் விட்டுவைப்பதில்லை.

கொசு வலையை மட்டும் நம்பி ஜன்னலைத் திறந்து வைக்கவே கூடாது. நைலான் வலை கொசுவுக்குச் சரி. குட்டி நகத்தை மாட்டி நாலு நாள் ஏறி இறங்கினால் இழை விட்டுவிடும், ஒட்டும் பட்டையில் பிடித்து வைத்த வலையோ ஒரு மூலையில் அழுத்தினாலே பிரிந்து வரும். உலோகக் கம்பி வலையைச் சட்டத்தோடு திருகாணி போட்டு முடுக்குங்கள். முடித்ததும் உள்ளங்கையை வைத்து நாலு மூலையிலும் பலமாகத் தள்ளிப் பாருங்கள், இரண்டு கிலோ எடையுள்ள ஒன்று பறவையைப் பார்த்துவிட்டு ஓடி வந்து மோதினால் தாங்குமா என்ற கேள்விதான். மேல்பக்கம் உள்ளே சாய்ந்து திறக்கும் ஜன்னல் இன்னும் மோசம். குட்டி அந்த இடைவெளியில் தாவிக் கீழே வழுக்கி, மேலே வர முடியாமல் நடுவில் சிக்கி நசுங்கும். அதைச் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போகாதீர்கள்.

பூனை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் நாலு காலில் நின்றுவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1987இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு, நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றியது. அதில் சுமார் 90 சதவீதம் பிழைத்ததாக இருப்பதை எடுத்துச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் அது உயிரோடு மருத்துவரிடம் வந்து சேர்ந்தவற்றின் கணக்கு, விழுந்த இடத்திலேயே செத்தவை அதில் இல்லை. பிழைத்தவற்றிலும் மார்பில் அடி, தாடை உடைவு, கால் முறிவு என்று எத்தனையோ. பால்கனிக்கு மேலிருந்து கீழ்வரை வலை போடாமல் குட்டியை அங்கே விடாதீர்கள், நீங்கள் பக்கத்தில் நின்றாலும் கூட. ஒரு பட்டாம்பூச்சி வந்தால் போதும், உங்கள் கை எட்டுவதற்குள் அது தாவியிருக்கும்.

இனி வாசல் கதவு. நீங்கள் ஒருநாள் வீட்டுக்குள் இருந்துகொண்டு, மற்றவர் வெளியிலிருந்து வரும்போது குட்டியை மட்டும் பாருங்கள். மாடிப்படியில் காலடி கேட்டதுமே காது திரும்பும். சாவி துளையில் நுழையும்போது தரையோடு தரையாகப் பம்மும், பின்கால் இரண்டும் மாறி மாறி லேசாக அசையும், கண் கதவின் கீழ் மூலையில் நிலைத்திருக்கும். கதவு ஒரு சாண் திறந்ததும் பாய்ச்சல்தான். நம்மில் பலர் இதை நாமே பழக்கிவிடுகிறோம், உள்ளே நுழைந்ததும் வாசலிலேயே குனிந்து கொஞ்சுகிறோமே, அதனால். வாசல்தான் நல்லது நடக்கும் இடம் என்று அதன் மனசில் பதிந்துவிடுகிறது. வாசலில் கொஞ்சாதீர்கள். உள்ளே வந்து, கதவைச் சாத்தி, பையை வைத்துவிட்டு, வீட்டின் கடைசியில் ஒரு இடத்துக்குப் போய் உட்கார்ந்து அங்கே கூப்பிட்டுக் கொஞ்சுங்கள். வெளியே கிளம்பும்போதும் அப்படித்தான்: நாலைந்து தீனித் துண்டைக் கதவுக்கு எதிர்ப்பக்கமாகத் தூர வீசிவிட்டு, அது பொறுக்கப் போகும்போது கிளம்புங்கள். ஒரு பத்து நாள் விடாமல் செய்தால் சாவிச் சத்தம் கேட்டதும் குட்டி அந்த உள் மூலைக்கு ஓட ஆரம்பிக்கும். வீட்டில் உள்ள எல்லோரும் இதைச் செய்ய வேண்டும், ஒருவர் மட்டும் வாசலில் கொஞ்சினால் மொத்தமும் வீண். பொருள் கொண்டுவந்து கொடுப்பவர், விருந்தாளி, சின்னப் பிள்ளைகள் வரும் நேரத்தில் குட்டியை ஒரு அறையில் விட்டுச் சாத்திவிடுவது சுலபம்.

தப்பி வெளியே போய்விட்டால் துரத்தாதீர்கள். துரத்தினால் அது விளையாட்டு என்று எண்ணி ஓடும், இல்லை பயந்து இன்னும் தூரம் ஓடும். அங்கேயே உட்கார்ந்து, அதை நேராகப் பார்க்காமல், தீனி டப்பாவைக் குலுக்குங்கள். இந்தக் குலுக்கலை முதல் வாரத்திலிருந்தே பழக்க வேண்டும்: ஒவ்வொரு வேளையும் பெயரைச் சொல்லி, டப்பாவைக் குலுக்கி, வந்ததும் கொடுப்பது. மருந்து போடவோ, குளிப்பாட்டவோ, திட்டவோ அந்தச் சத்தத்தைப் பயன்படுத்திக் கூப்பிட்டுவிடாதீர்கள்.

எல்லாவற்றையும் அடைத்துவிட்டு உள்ளே ஒன்றும் இல்லாமல் வைத்தால் குட்டி நாள் முழுக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். பூனைக்கு விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும்தான் வேட்டை நேரம். அந்த இரண்டு வேளையும் பத்து நிமிடமாவது இறகு கட்டிய குச்சியை ஆட்டி ஓட விடுங்கள். குச்சியை மூஞ்சிக்கு நேராக ஆட்டாமல், எலி ஓடுவது மாதிரி அதனிடமிருந்து விலகிப் போகும்படி இழுத்து, நாற்காலிக்குப் பின்னால் மறைத்து, நிறுத்தி, மறுபடி இழுக்க வேண்டும். கடைசியில் பிடிக்க விட்டுவிட்டு, உடனே சாப்பாடு வையுங்கள். துரத்தி, பிடித்து, தின்று, நக்கிச் சுத்தம் செய்து தூங்குவது அதன் இயல்பு. லேசர் விளக்கில் பிடிப்பது என்பதே இல்லாததால் சில குட்டிகள் எரிச்சலாகித் திரியும். ஆட்டினால் முடிவில் ஒரு பொம்மையின் மேல் நிறுத்தி அதைப் பிடிக்க விடுங்கள். நூல், ரிப்பன், இறகுக் குச்சி எல்லாம் விளையாடி முடிந்ததும் அலமாரிக்குள் போய்விட வேண்டும், விழுங்கின நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். அப்புறம் வலை போட்ட ஜன்னல் ஓரத்தில் உட்கார ஒரு பலகை, ஏறிப் பார்க்க உயரமான இடம், கீறுவதற்கு ஒரு கட்டை, தினமும் அள்ளிச் சுத்தம் செய்யும் மணல் தட்டு. வீட்டில் நாள் முழுக்க ஆள் இல்லையென்றால், முடிந்தவர்கள் ஒரே வயதில் இரண்டு குட்டியாக வளர்ப்பது நல்லது, ஒன்றை ஒன்று ஓட வைத்துக்கொள்ளும்.

வெளிக்காற்றும் வேண்டும் என்று நினைத்தால் மார்போடு மாட்டும் ஹார்னஸ் இருக்கிறது. கழுத்துப் பட்டையில் கயிறு கட்டாதீர்கள். முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே தீனி கொடுக்கும்போது மாட்டிக் கழற்றுங்கள், பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் போகும் அளவுக்கு இருந்தால் போதும், அதைவிடத் தளர்ந்தால் பயத்தில் பின்வாங்கி உருவிக்கொண்டு போய்விடும். குட்டித் தடுப்பூசிகள் 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, 3, 4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரமாவது ஆகும் வரை போகும், வெறிநாய்க்கடித் தடுப்பூசி 12 வாரத்துக்கு மேல். அவை முடியாமல் வெளியே தரையில் விடவே வேண்டாம்.

வீட்டை விட்டே போகாத பூனைக்கும் அடையாளம் வேண்டும். இழுத்தால் தானே கழன்றுவிடும் கொக்கி வைத்த கழுத்துப் பட்டையில் உங்கள் தொலைபேசி எண். கழலாத பட்டை கிளையில் மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். பட்டை தொலைந்தாலும் தொலையாதது மைக்ரோசிப். அரிசி மணி அளவில் தோலுக்கடியில் போடுவது, அதற்குள் பேட்டரி கிடையாது, பூனை எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. கண்டெடுத்தவர் மருத்துவரிடம் கொண்டுபோனால் ஸ்கேனரில் ஒரு எண் தெரியும், அவ்வளவுதான். அந்த எண்ணை உங்கள் பெயரோடு பதிவு செய்யவில்லை என்றால் போட்டும் பயனில்லை. போன் எண் மாறினால் அங்கேயும் மாற்றுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒருநாள் காணவில்லை என்றால், முதலில் வீட்டுக்குள். துணி துவைக்கும் இயந்திரம், அலமாரி, இழுப்பறைக்குப் பின்பக்கம், சோபாவின் அடித்துணி. அடுத்து வாசலில் நிற்கும் வண்டிகள்: எஞ்சினின் சூட்டுக்கு உள்ளே ஏறிப் படுத்திருக்கும், கிளப்பும் முன் பானட்டைத் தட்டச் சொல்லுங்கள். நான் செய்த தப்பு என்னவென்றால், தெருத் தெருவாகப் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு தூரத் தூரமாய்த் தேடியது. பயந்த பூனை பதில் கொடுக்காது, உங்கள் குரலுக்குக்கூட. பக்கத்திலேயே ஒடுங்கிக் கிடக்கும். 2018இல் வெளியான, காணாமல் போன 1,210 பூனைகளைப் பற்றிய ஓர் ஆய்வில், கிடைத்தவற்றில் முக்கால்வாசி தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்தான் கிடைத்திருக்கின்றன. அதனால் முதல் நாளே அக்கம்பக்கத்துக் கதவைத் தட்டி, அவர்கள் அனுமதியோடு நீங்களே குனிந்து பாருங்கள். ஊர் அடங்கினதும் டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்துக்கொண்டு மெதுவாக நடங்கள், பூனையின் கண் அந்த வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும்.

என் குட்டி அப்படித்தான் கிடைத்தது. நாலு வீடு தள்ளி, மாடிப்படிக்கு அடியில் அடுக்கி வைத்திருந்த பழைய பலகைகளுக்குப் பின்னால் இரண்டு பச்சைப் புள்ளி. அந்த இரண்டு நாளில் அந்த இடத்தைத் தாண்டி எத்தனையோ முறை கூப்பிட்டுக்கொண்டே போயிருக்கிறேன், ஒரு சத்தம் கொடுக்கவில்லை. கையை நீட்டாமல் தரையில் உட்கார்ந்து டப்பாவை மெல்லக் குலுக்கினேன், வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்து மடியில் ஏறியது. உடம்பு முழுக்கச் சிலந்திக்கூடு, முன்காலில் ஒரு நகம் பிய்ந்திருந்தது.

கிடைத்ததும் ஒரு அறையில் தண்ணீர், தீனி, மணல் தட்டோடு விட்டுச் சாத்திவிடுங்கள், மறுநாள் மருத்துவரிடம் காட்டுங்கள், கடிகாயம் முடிக்குள் மறைந்திருக்கும். எந்த வழியாகப் போனது என்று கண்டுபிடிக்கும் வரை அந்த அறையைத் திறக்காதீர்கள். போன வழியை அது மறக்காது. நான் காலை முழுக்கத் தேடி, கடைசியில் சமையலறை ஜன்னல் வலையின் கீழ் மூலையில் கண்டேன். வலை பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது, தள்ளினால் மட்டும் ஒரு கை நுழையும் அளவுக்கு விலகியது. சட்டத்தின் ஓரத்தில் மூன்று வெள்ளை முடி ஒட்டிக்கொண்டிருந்தது.