தங்கக் கோப்பைக்கு ஓடாதீர்கள்: ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் தவிர்க்க வேண்டியவை

ஊரிலிருந்து யார் சிங்கப்பூர் வந்தாலும், எம்பிரஸ் பிளேஸில் இருக்கும் ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குக் கூட்டிப்போகும் வேலை என் தலையில்தான் விழும். முதல்முறை வருகிறவர்கள், ஒரு காலத்தில் நான் செய்ததையே அச்சு அசலாகச் செய்கிறார்கள். தொடாதே, ஃபிளாஷ் போடாதே என்பதெல்லாம் அங்கேயே எழுதியிருக்கும். அதை விடுங்கள்.

ஒரே மூச்சில் மூன்று தளமும்

வேண்டாம். கீழே கடல் வணிகம், நடுவில் சமயம், மேலே துணிமணி, நகை, பீங்கான். இரண்டு தளம் பார்த்தாலே தாராளம்.

கிண்ணம்தானே என்று தாண்டிப் போவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். கீழ்த்தளத்தில், சீனாவைத் தாங் அரச மரபு ஆண்ட காலத்தில் மூழ்கிய ஒரு கப்பலின் சரக்கு இருக்கிறது. 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கடலடியில் கிடைத்தது. ஆணியே அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய அரபுப் பாணிக் கப்பல். உள்ளே அறுபதாயிரம் பொருள்களுக்கு மேல். ஆனால் வருகிற எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "தங்கக் கோப்பை எங்கே?"

கோப்பை அழகுதான். எட்டுப் பக்கமும் வாத்தியக்காரர்களும் ஆடுபவரும். ஆனால் அப்படி ஒன்று எந்த அரண்மனையிலும் இருந்திருக்கலாம். கப்பலின் கதை முழுக்கக் கிண்ணங்களில் இருக்கிறது. சீனாவின் சாங்ஷா சூளைகளில் சுட்டவை. ஒன்றின் பக்கத்தில் குனிந்து பாருங்கள்: விளிம்பை நாலு பக்கமும் பழுப்புக் கலவையில் முக்கி எடுத்திருப்பார்கள், நடுவில் சதுரம் போல இடம் மிஞ்சும். அந்த இடத்தில் பழுப்பிலும் பச்சையிலும் ஒரு பறவையோ மீனோ பூவோ, சரசரவென்று இழுத்த கோடுகள். அடுத்த கிண்ணத்திலும் பறவைதான், ஆனால் கழுத்து வேறு மாதிரி வளைந்திருக்கும். சிலவற்றில் அரபு எழுத்துப் போன்ற கிறுக்கல். வாங்கப்போகிறவர் யார் என்று தெரிந்தே செய்த சரக்கு. ஒரு கிண்ணத்தில் கீறியிருக்கும் சீனத் தேதி கி.பி. 826க்குச் சமம். விஜயாலயச் சோழன் தஞ்சையைப் பிடிப்பதற்கு முந்தைய காலம்!

கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் மாமா வந்திருந்தார். "ஏம் மாப்ளே, பாத்திரக்கடையப் பார்க்கவா பிளைட் ஏறி வந்தேன்?" என்று நகரப் பார்த்தார். கிண்ணங்களைப் பெரிய ஜாடிக்குள் சுற்றிச்சுற்றி அடுக்கி அனுப்பினார்கள் என்று சொன்னதும் நின்றுவிட்டார். "ஒரு ஜாடிக்கு எத்தனை?" நூறுக்கு மேல் என்றேன். "உடைசல் கழிவு எவ்வளவு போட்டிருப்பான்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அங்கே கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அப்புறம் சரக்கோடு அன்னாசிப்பூவும் கிடைத்ததாகச் சொன்னேன். பிரியாணிக்குப் போடுவதா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

தங்கத்தை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் வெளியே வருகிறவர்கள் இந்தக் காட்சிக்கூடத்தைப் பார்த்ததாக நான் கணக்கில் வைப்பதில்லை.

தெரிந்த சாமிக்குக் கும்பிடு போட்டுவிட்டு நகர்வது

இரண்டாம் தளத்தில் நம்மவர்கள் செய்வது. "நம்ம அம்மன்" என்று ஒரு கும்பிடு, ஒரு செல்ஃபி, முடிந்தது. தென்னிந்தியச் செப்புத் திருமேனி என்றால் முதலில் பீடத்தைப் பாருங்கள். துளையோ வளையமோ இருந்தால் அது வீதி உலா போன உற்சவர். கழி செருகித் தூக்கத்தான் அந்த ஏற்பாடு. கோயிலில் பட்டும் பூமாலையும் மூடியிருக்கும் இடுப்பு மடிப்பும் முதுகுச் சடையும் இங்கேதான் கண்ணில் படும். பின்பக்கம் போக வழி இருந்தால் போய்விடுங்கள். பக்கத்திலேயே புத்தரும் சமணரும் இருப்பார்கள், அவர்களையும் கொஞ்சம் கவனியுங்கள்.

விளக்க அட்டையை முதலில் படிப்பது

பொருளைப் பாருங்கள். பிறகு அட்டை.

ஞாயிறு மதியம்

கூட்டம், குழந்தைகள், இரைச்சல். வெள்ளிக்கிழமை இரவு 9 மணி வரை திறந்திருக்கும். வேலை முடிந்து ராஃபிள்ஸ் பிளேஸ் ரயிலில் இறங்கி நடந்து வந்துவிடலாம். ஏசி கொஞ்சம் அதிகம். பெரியவர்கள் கூட வந்தால் ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.