ஸ்ரீரங்கத்தைத் தீவாகச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

ஸ்ரீரங்கம் என்றதும் கோயிலைத்தான் எல்லோரும் நினைக்கிறோம். காவிரிப் பாலத்தைக் கடந்து வரும்போதே ஒரு தீவுக்குள் நுழைகிறோம் என்பது பலருக்கும் மனத்தில் படுவதில்லை. மேற்கே, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் தொடங்கிக் கிழக்கே கல்லணை வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளத்துக்கு, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் நிலம் இது. நீர் போகும் திசையிலேயே மேற்கிலிருந்து கிழக்காகப் பார்த்து வந்தால், இங்கே கோயில்களும் வயல்களும் அணைகளும் ஏன் இப்படி அமைந்தன என்பது தானாகவே விளங்கும்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படும். ஆடி மாதம் முதல் தை மாதம் வரை காவிரியில் நீரைக் காணலாம் என்பதால், பயணத்தை அந்தக் காலத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கோடையில் வந்தால் பெரும்பாலும் மணலைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஸ்ரீரங்கத்துக்கென்றே தீவின் மேல் ரயில் நிலையம் இருக்கிறது. திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து 1ஆம் எண் நகரப் பேருந்தும் வருகிறது.

அரங்கநாதர் கோயிலை முதல் நாள் மாலையிலேயே பார்த்துவிடுங்கள். 156 ஏக்கர் பரப்பும் ஏழு பிரகாரங்களும் கொண்ட கோயிலை மற்ற இடங்களோடு சேர்த்து ஒரே நாளில் பார்க்க முயல்வது வீண் அலைச்சல். விஜயநகரக் காலத்தில் தொடங்கி நின்றுபோய், 1987இல் நிறைவடைந்த 236 அடி ராஜகோபுரத்தின் வழியாக நுழைந்து, சித்திரை வீதி, உத்திர வீதி என்று மதில்களுக்குள்ளேயே மக்கள் குடியிருக்கும் தெருக்களில் நிதானமாக நடந்து செல்லுங்கள். சேஷராயர் மண்டபத் தூண்களில் முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகளும், அவற்றின் கீழே வேட்டையாடும் வீரர்களும் ஒரே கல்லில் செதுக்கப்பட்டிருப்பதை அருகில் நின்று பார்க்க வேண்டும். 14ஆம் நூற்றாண்டுப் படையெடுப்பின்போது இங்கிருந்து வெளியேறிய உற்சவமூர்த்தி, பல ஊர்களைச் சுற்றி 1371இல்தான் திரும்பினார்.

மறுநாள் காலை கரூர் சாலை வழியாக முக்கொம்புக்குச் செல்லுங்கள். தென்கரையில் இறங்கி, காவிரியின் மதகுப் பாலத்தை நடந்து கடந்தால் தீவின் மேற்கு முனை. அங்கே பூங்காவும் மரநிழலும் உண்டு. தீவின் குறுக்கே நடந்து கொள்ளிடக் கரைக்கும் கட்டாயம் போய்ப் பாருங்கள். கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. கடலுக்குச் செல்லும் வழியும் குறுகியது. அதனால் நீர் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போக, தஞ்சைக்குச் செல்லும் காவிரி மணல் மேடிட்டு வந்தது. அதைத் தடுக்கவே 1830களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அந்தப் பழைய அணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதன் பிறகு புதிய கதவணை கட்டப்பட்டது. குழந்தைகளோடு வருபவர்கள் திரும்பும் வழியில் மேலூரில், இரு ஆறுகளுக்கும் நடுவே 2015இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

உச்சிவேளைக்கு முன்பே திருவானைக்காவலுக்கு வந்துவிட வேண்டும். பஞ்சபூதத் தலங்களில் நீருக்குரிய இக்கோயிலில், அர்ச்சகர் புடவை அணிந்து, அம்பிகையாகவே வந்து சுவாமிக்குச் செய்யும் உச்சிகால பூஜை அந்த நேரத்தில்தான் நடக்கும். கருவறைக்கு முன்னுள்ள ஒன்பது துளைச் சாளரத்தின் வழியாகப் பார்த்தால், தாழ்ந்த தரையில் ஈரத்தோடு லிங்கம் தெரியும். ஆற்றில் நீர் பெருகும் காலத்தில் கருவறையிலும் நீர் ஊறும். தீவின் நிலத்தடி நீரை இவ்வளவு பக்கத்தில் காட்டும் இடம் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

1752இல் ஆங்கிலேயரோடு நடந்த போரில் பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா, ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்போடு இத்தீவுக்குள் பின்வாங்கி, ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் கோயில்களின் மதில்களை அரணாக நம்பினார். வடக்கே சமயபுரத்திலும் தெற்கிலும் ஆங்கிலேயர் தரப்புப் படைகள் வழிகளை அடைத்துவிட்டதால், காப்பாற்றும் என்று நினைத்த ஆறுகளே பொறியாகி, ஜூன் மாதத்தில் அவர் சரணடைந்தார்.

பிற்பகலில் உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணைக்குப் புறப்படுங்கள். இருபுறமும் வாழையும் நெல்லும் தொடரும் இந்தச் சாலையில்தான் தீவின் உழவு வாழ்வைப் பார்க்க முடியும். ஆகவே வண்டியை விரட்டாமல் செல்லுங்கள். மரபு கரிகாலனுக்கு உரியதாகச் சொல்லும் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவற்றுக்கு நீர் பிரிக்கப்பட்டு, மிகுதி கொள்ளிடத்துக்குத் திருப்பப்படுகிறது. மாலை வெயிலில் அணை மேல் நடந்தால், மணல் திட்டுகளில் கொக்குகளையும் நீர்க்காகங்களையும் காணலாம்.

நீராட விரும்புபவர்கள் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தின் படித்துறையை விட்டு வேறெங்கும் இறங்க வேண்டாம். ஆடிப்பெருக்கன்று அங்கே கூட்டம் நெரியும் என்பதால், வயதானவர்களை அதிகாலையிலேயே அழைத்துச் செல்லுங்கள். முக்கொம்பிலும் கல்லணையிலும் மணல் பள்ளங்களும், மதகு திறந்ததும் திடீரென ஏறும் நீரும் பல உயிர்களைப் பறித்திருக்கின்றன. வெள்ள எச்சரிக்கை வந்திருந்தால் உத்தமர்சீலி பக்கத்துத் தரைப்பாலத்தில் வண்டியை இறக்காதீர்கள். நீர் வடிந்த பின் இன்னொரு நாள் வரலாம்.